ஜார்ஜ் கோட்டையும் அதன் வடக்குப் பக்கமும்

"தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். உள்ளே விடுவார்களா, பார்க்க என்ன இருக்கிறது? கடற்கரைக் கோட்டை என்கிறார்கள், கடல் பக்கத்திலேயே காணோமே? என் மாமியார் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். 'வெள்ளைக்காரன் கட்டினது, இப்போ மந்திரிங்க இருக்கிற இடம், நமக்கு அங்க என்ன இருக்கு' என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாமியார் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். அந்தக் கோட்டை அங்கே எழுந்ததற்குக் காரணமே துணிதான். நெய்த துணியை வெளுத்து, சாயமேற்றி, மூட்டை கட்டி, அலையைத் தாண்டிக் கப்பலில் சேர்த்தவர்களில் பெரும்பகுதி கோட்டைக்கு வடக்கே குடியிருந்தவர்கள். அவருடைய வண்ணாரப்பேட்டை அப்படித் துணி வெளுத்தவர்கள் குடியேறிய இடம். ஆக, கோட்டையின் கதையில் பாதி மதிலுக்குள் இருக்கிறது. மீதிப் பாதி பாரிமுனையில் தொடங்கித் திருவொற்றியூர் வரை நம் தெருக்களில் இருக்கிறது. உள்ளே மட்டும் சுற்றிவிட்டு வந்தால் நாலைந்து கவர்னர் பெயர்கள்தான் நினைவில் நிற்கும். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை.

உள்ளே போகும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குள் தலைமைச் செயலகம், சட்டமன்றம், ராணுவ அலுவலகங்கள், தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், புனித மரியன்னை ஆலயம் ஆகியவை இருக்கின்றன. செயலகத்துக்குள்ளும் ராணுவப் பகுதிக்குள்ளும் நாம் போக முடியாது. அருங்காட்சியகத்தையும் ஆலயத்தையும் பார்க்கலாம். வாசலில் சோதனை உண்டு, பெரியவர்கள் ஆதார் மாதிரி ஏதாவது அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே படம் எடுக்கலாம் என்று காவலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலையில் ஆலயத்தில் வழிபாடு நடக்கும். செயலகம் இயங்காத சனிக்கிழமை பிள்ளைகளோடு நடக்கத் தோதான நாள். சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள், கெடுபிடி அதிகமாக இருக்கும். உங்கள் ஊரிலிருந்து மெட்ரோவில் உயர்நீதிமன்ற நிலையம் வந்து இறங்கினால் அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

சரி, கோட்டை எப்படி வந்தது? 1630களில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் நிம்மதியாக உட்கார்ந்து துணி வாங்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தது. மசூலிப்பட்டினத்தில் அவர்களுக்குப் பண்டகசாலை இருந்தது, ஆனால் உள்ளூர் அதிகாரிகளின் தொல்லையும் டச்சுக்காரர் போட்டியும் தாங்கவில்லை. இந்தப் பக்கம் பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இலேயே கோட்டை கட்டிவிட்டார்கள். தெற்கே சாந்தோமில் போர்த்துக்கீசியர். இந்த இரண்டுக்கும் நடுவில், கூவம் கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே இருந்த மணல் பரப்பைத்தான் பிரான்சிஸ் டே என்கிற கம்பெனி அதிகாரி தேர்ந்தெடுத்தார். விஜயநகர அரசின் கீழ் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் இடத்தைக் கொடுத்தார். நாம் சென்னை தினம் கொண்டாடும் ஆகஸ்ட் 22, அந்த 1639ஆம் வருடத்துக் கொடைக்குக் குறிக்கப்பட்ட நாள். இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று பேச்சை நடத்தியவர் பேரி திம்மப்பா என்ற துபாஷி, அதாவது இரு மொழி தெரிந்த இடைத்தரகர். அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். டே, அவரோடு சேர்ந்து கோட்டையைத் தொடங்கிய கம்பெனி அதிகாரி கோகன் என்ற இரண்டு பெயர்கள் பாடப்புத்தகத்திலேயே வந்துவிடும், திம்மப்பாவை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

வியாபாரத்துக்குக் கடலோர இடம் தேடியவர்கள், கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கூட இல்லாத இந்த இடத்தை ஏன் எடுத்தார்கள்? குடிக்க நல்ல தண்ணீரும் போதவில்லை. ஒரு பக்கம் கடல், தெற்கே கூவம், மேற்கே அப்போது ஓடிய எழும்பூர் ஆறு என்று மூன்று பக்கமும் நீர் இருந்தது பாதுகாப்புக்குச் சரி. ஆனால் டே எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது துணி விலை. மற்ற இடங்களைவிட இங்கே மலிவு என்பதுதான் அவர் சொன்ன பெரிய காரணம். 1640 பிப்ரவரியில் வந்து வேலையை ஆரம்பித்து, உள்கோட்டையின் ஒரு பகுதி ஓரளவு எழுந்த ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் திருநாள் என்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். கோட்டைச் செலவை நாயக்கரே ஏற்பார் என்று ஆங்கிலேயர் முதலில் நம்பினார்கள். அது நடக்கவில்லை. பணம் கம்பெனி தலையில் விழுந்தது, லண்டனில் இருந்த முதலாளிகள் வருடக்கணக்கில் இந்தச் செலவைச் சொல்லி முணுமுணுத்தார்கள்.

இப்போது கடல். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதற்கான பதில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கருங்கல்லாகக் கொட்டிக் கிடக்கிறது.

கோட்டை கட்டிய காலத்தில் கடல் கிழக்கு மதிலுக்கு வெகு அருகில் இருந்தது. அந்தப் பக்கத்து வாசலுக்கே கடல் வாசல் என்றுதான் பெயர். கப்பல்கள் தொலைவில் ஆழக் கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகிலும் கட்டுமரத்திலும்தான் கரைக்கு வர வேண்டும். மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலையில் தரையில் மோதினால் உடையும். தைத்த படகு நெளிந்து கொடுத்து மணலில் ஏறிவிடும். அலை எப்போது உடையும், எந்த அலையின் முதுகில் ஏறினால் கரை சேரலாம் என்பது படகோட்டிகளுக்குத்தான் தெரியும். கவர்னராக வந்தவரும் கடைநிலை எழுத்தராக வந்தவரும் அந்தக் கைகளை நம்பித்தான் கரை இறங்கினார்கள். ஏறக்குறைய இருநூற்று முப்பது வருடம் இந்த ஊரின் கடல் வணிகம் முழுவதும் அவர்கள் தோளில் நடந்தது. அந்தப் படகோட்டிச் சமூகம் பிற்காலத்தில் ராயபுரத்தில் கட்டிய புனித பேதுரு ஆலயம் இன்றும் இருக்கிறது.

அப்புறம் செயற்கைத் துறைமுகம் வந்தது. 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் இரண்டு கல் கரங்களை நீட்டினார்கள். 1881இல் ஒரு புயல் அதைச் சிதைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரங்கள் ஒரு காரியம் செய்தன. நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். வருடக் கணக்கைப் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். துறைமுகச் சுவர் அந்த மணலை வழிமறித்தது. மறித்த மணல் தெற்குப் பக்கம் சேர்ந்தது. கோட்டைக்கு முன்னால் கடல் விலகியதும், மெரினா இவ்வளவு அகலமானதும் இப்படித்தான். வடக்கே போக வேண்டிய மணல் வந்து சேரவில்லை. ஆனால் அலை நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை அரிக்கத் தொடங்கியது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று நம் கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருப்பதும், கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவுகள் போட்டிருப்பதும் அந்த அரிப்பைத் தடுக்கத்தான்.

கோட்டையிலிருந்து கடல் ஏன் தள்ளிப் போனது என்று பிள்ளைகள் கேட்டால், காசிமேட்டில் கடல் ஏன் கிட்டே வந்தது என்பதும் அதே காரணம்தான் என்று சொல்லுங்கள். தெற்கே இருப்பவர்களுக்கு மணல் வந்தது, வடக்கே இருப்பவர்களுக்குப் பாறை வந்தது. ஊருக்கு வந்த நன்மையின் விலையை ஒரு பக்கத்துக் கரையே கொடுத்திருக்கிறது. மெரினாவைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோட்டைக்குள் போனதும் முதலில் கொடிமரத்தைக் காட்டுங்கள். 1687இல், எலிஹு யேல் கவர்னராக இருந்தபோது நிறுத்தியது. கடலில் சிதைந்த ஒரு கப்பலின் தேக்குப் பாய்மரம் அது. 1994இல் அதை எடுத்துவிட்டு அதே மாதிரி இரும்புக் கம்பத்தை வைத்தார்கள்.

பிறகு சட்டமன்றக் கட்டடத்தின் முகப்பில் வரிசையாக நிற்கும் கருங்கல் தூண்களை வெளியிலிருந்தே பாருங்கள். இருபது தூண்கள். தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருப்பீர்கள், ஆனால் அவை செய்த பயணம் பலருக்குத் தெரியாது. 1730களில் கடல் வாசலுக்கு வரும் பாதையில் நிழலுக்காகக் கட்டிய தூண் மண்டபத்தைச் சேர்ந்தவை இவை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே கப்பல்களோடு வந்து கோட்டையைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு வல்லரசுகளின் சண்டையில் கல் தூண்களே ஒரு முறை போய்த் திரும்பியிருக்கின்றன.

அந்த 1746 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டை மூன்று வருடம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அப்போது இங்கே எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பிக் கடலூர்ப் பக்கம் புனித டேவிட் கோட்டைக்குப் போனார், அங்கேதான் எழுத்து வேலையை விட்டுப் பட்டாளத்துக்கு மாறினார். ஐரோப்பாவில் 1748இல் சமாதானம் பேசியபோது, கனடாவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபர்க் கோட்டையைக் கொடுத்துச் சென்னையைத் திரும்ப வாங்கினார்கள். இங்கே வாழ்ந்த லட்சக்கணக்கான கைகள் உருவாக்கிய ஊர், உலகத்தின் மறுகோடியில் இருந்த ஒரு கோட்டைக்கு ஈடாகக் கைமாறியது. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடி வந்து முற்றுகையிட்டது. அடுத்த பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் விலகிப் போனது. இந்த இரண்டு அடிகளுக்குப் பிறகுதான் கோட்டையைப் பெரிதாக்கினார்கள். எழும்பூர் ஆற்றை மேற்கே திருப்பிவிட்டு, அந்த இடத்தையும் உள்ளே சேர்த்து, அகழியும் கோணக் கொத்தளங்களுமாக 1783 வாக்கில் முடித்தார்கள். நீங்கள் பார்க்கப் போகும் மதில் அந்தக் காலத்தது, 1640இன் மதில் இல்லை.

புனித மரியன்னை ஆலயத்தில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். 1678 மார்ச் 25இல் தொடங்கி 1680 அக்டோபர் 28இல் திறந்தார்கள். கூரையை அண்ணாந்து பாருங்கள்: மரச் சட்டம் எதுவும் இல்லாமல் கனமான செங்கல் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்ற நினைப்பு அதில் தெரியும். முற்றுகைக் காலங்களில் ஊழியர்களும் சரக்கும் ஒதுங்கும் இடமாகவும் இது இருந்தது. இங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. கிளைவின் திருமணமும் 1753இல் இங்கேதான். சென்னையின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவின் கல்லறை உள்ளே இருக்கிறது. குதிரை மேல் அமர்ந்த அவர் சிலையைத் தீவுத்திடல் வழியாகப் போகும்போது பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 1827இல் இன்றைய ஆந்திரத்தின் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தவரை முதலில் அங்கே குத்தி என்ற ஊரில் புதைத்து, பிறகு இங்கே கொண்டுவந்தார்கள்.

யேலைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். 1718இல் அங்கிருந்த சிறு கல்லூரிக்கு அவர் ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், ஒரு மன்னர் படம் அனுப்பினார். சரக்கை விற்ற பணம் 562 பவுன், அதற்காகத்தான் பெயர் வைத்தார்கள். அவர் சம்பாதித்தது இந்தக் கோட்டையில், இந்தக் கரையின் வணிகத்தில். அவர் கவர்னராக இருந்த காலத்தில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளும் கப்பல் ஏற்றப்பட்டார்கள். முறைகேட்டுப் புகார்களால் 1692இல் பதவியை இழந்தார். கொடையாளர் என்ற ஒரு வரியோடு அவரைக் கடந்துபோவது நியாயமில்லை.

ஆலயத்துக்கு வெளியே தரையில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. பழைய இடுகாடு இப்போதைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்தது. லாலியின் வீரர்கள் அங்கிருந்த உயரமான கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டார்கள். போர் முடிந்ததும் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். 1652இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல் இங்கிருக்கும் ஆங்கிலேயர் கற்களில் மிகப் பழையது. ஹைதர் அலி வருவார் என்ற பயம் பிடித்த 1782இல் இதே கற்களில் சிலவற்றைப் பெயர்த்து மதில்மேல் பீரங்கி நிறுத்தப் பயன்படுத்தினார்கள். போர்த்துக்கீசிய, லத்தீன், ஆர்மீனிய எழுத்துகள் கொண்ட கற்களும் உண்டு. எந்தக் கல் எந்த மொழி என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

அருங்காட்சியகக் கட்டடம் 1795இல் வணிகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்காகக் கட்டியது. அடுத்த வருடம் அதன் மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளை வைத்துச் சென்னையின் முதல் கலங்கரை விளக்கத்தை ஏற்றினார்கள். 1844இல் உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல் தூண் விளக்கம் வரும்வரை கப்பல்களுக்கு இந்த மாடிதான் அடையாளம். உள்ளே நாணயங்கள், துப்பாக்கிகள், பீங்கான் பாத்திரங்கள், நவாபுகளின் ஓவியங்கள் என்று நிறைய உண்டு. எல்லாவற்றின் முன்னும் நிற்க வேண்டியதில்லை. மூன்றுக்கு நேரம் கொடுங்கள். ஒன்று, 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுத் தேசியக் கொடி. இரண்டு, திப்பு சுல்தானோடு போரிட்ட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலை. சிலையைவிட அதன் பீடத்தைப் பாருங்கள்: திப்பு சுல்தானின் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிணையாக ஒப்படைக்கும் 1792ஆம் ஆண்டுக் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். வென்றவர்கள் அதைத் தங்கள் பெருந்தன்மை என்று நினைத்துச் செதுக்கினார்கள், உங்கள் பிள்ளைகள் தங்கள் வயதையொத்த பையன்களாக அவர்களைப் பார்ப்பார்கள். மூன்று, சீனாவோடு நடந்த முதல் அபினிப் போரில் பிடிபட்ட ஆன்ஸ்ட்ரூதர் என்ற மதராஸ் பட்டாள அதிகாரியை அடைத்துவைத்திருந்த மரக்கூண்டு. ஒரு மனிதர் அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியாது.

கிளைவ் வீடு, வெல்லெஸ்லி வீடு என்று இன்னும் சில கட்டடங்கள் இருக்கின்றன, போகிற வழியில் பார்த்தால் போதும்.

இனி வெளியே வாருங்கள், வடக்கே திரும்புங்கள். கோட்டைக்கும் பாரிமுனைக்கும் நடுவில் உயர்நீதிமன்றம், சட்டக் கல்லூரி இருக்கும் இந்தப் பரப்பில்தான் முதல் நூறு வருடங்களுக்கும் மேலாகச் சென்னையின் உண்மையான ஊர் இருந்தது. கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று ஆங்கிலேயர் பிரித்துவைத்திருந்தார்கள். நெசவாளர், சாயக்காரர், செட்டிமார், துபாஷிகள், தெலுங்கர், தமிழர், ஆர்மீனியர் எல்லோரும் இங்கே நெருக்கமாக வாழ்ந்தார்கள். வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்த சாதிகளின் சண்டை பெரிதாகி, 1707இல் அவர்களுக்குத் தெருக்களைப் பிரித்துக் கொடுத்துத்தான் ஓய்ந்தது. பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையாருக்கு.

இந்த ஊர் இப்போது ஏன் இல்லை? 1746க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் கோட்டை மதிலை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். திரும்ப வந்த ஆங்கிலேயர் மீதியையும் இடித்தார்கள். எதிரி மறைந்து நின்று சுட இடம் இருக்கக் கூடாது, பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பதுதான் காரணம். கம்பெனிக்கு வெடிமருந்து செய்துகொடுத்த நாகபட்டன் 1646இலும், பேரி திம்மப்பா அதன்பின் 1648இலும் தானம் எழுதிவைத்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டது. அது நின்ற இடம் இன்றைய உயர்நீதிமன்ற வளாகம். 1757இல் அதை இடித்த பிறகு, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்நின்று பூக்கடைக்குப் பக்கத்தில் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் பக்கத்துப் பக்கத்திலேயே புதிய கோயில்கள் எழுப்பினார். 1760களில் முடிந்த அந்தக் கோயில்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது. கோட்டைக் கதையில் எனக்கு மிகவும் மனத்தைத் தொடுவது இதுதான். இந்த நகரத்தை உண்டாக்கியவர்களின் வீடுகளையும் கோயிலையும் நகரத்தைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லி அழித்தார்கள், அவர்கள் அரை மைல் வடக்கே நகர்ந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டிக்கொண்டார்கள். அப்படி மறுபடி எழுந்த ஊர்தான் ஜார்ஜ் டவுன். அந்தப் பெயரே 1911இல்தான் வந்தது.

வெட்டவெளியின் எல்லையை, இதற்கு மேல் யாரும் வீடு கட்டக் கூடாது என்று காட்ட 1773இல் ஆறு கல் தூண்களை நட்டார்கள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து பேருந்து ஏறுகிறார்கள். உயர்நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கச் சுவரில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டு விழுந்த இடம். அன்று துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. எம்டன் என்று நாம் ஆளைத் திட்டுவது அங்கிருந்து வந்தது.

அங்கிருந்து மண்ணடி வழியாக ஏழுகிணறு பக்கம் போகலாம். கோட்டைக்கு நல்ல குடிநீர் இல்லை என்றேனே, அதற்கு 1772இல் கண்ட வழி இந்தக் கிணறுகள். இங்கே ஊறிய தண்ணீரைக் குழாய் வழியாகக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மதிலுக்குள் இருந்த பட்டாளமே வடசென்னை மண்ணின் தண்ணீரைக் குடித்துத்தான் இருந்தது. வள்ளலார் சிறுவயதிலிருந்து வாழ்ந்த வீடும் இதே ஏழுகிணறுப் பகுதியில், வீராசாமித் தெருவில் இருக்கிறது.

இன்னும் வடக்கே வந்தால் மாடிப் பூங்கா. பெயரைக் கேட்டுக் குழந்தைகள் விளையாடும் இடம் என்று கடந்துவிடுவார்கள். அது ஒரு கோட்டைச் சுவர். 1760களின் கடைசியில் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்து, 1769இல் கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தது. அந்த அதிர்ச்சியில் புதிய ஊரைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பினார்கள், 1772இல் முடித்தார்கள். செலவுக்கு ஊராரிடம் வரி போட நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த மதிலில் இன்று ஒழுங்காக நிற்கும் துண்டு மாடிப் பூங்காவில் இருக்கிறது. வளைவு வைத்த அறைகள் கீழே, நடைபாதை மேலே. கோட்டைக்குள் மதில்மேல் ஏற நம்மை விட மாட்டார்கள், இங்கே பிள்ளைகள் மதில்மேலேயே நடக்கலாம். பூங்கா திறந்திருக்கும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் வெயிலில் ஒரே நடையாக முடிக்க முடியாது. காலையில் கோட்டை, மதியம் பாரிமுனையில் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் தேவராஜ முதலி தெரு, கடைசியாக மாடிப் பூங்கா என்று வைத்துக்கொண்டால் வீட்டுப் பக்கம் வந்து சேர்ந்துவிடுவீர்கள். பிள்ளைகளுக்குத் தெம்பு இருந்தால் ராயபுரம் ரயில் நிலையத்தையும் காட்டுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது, அந்தத் தூண் வைத்த முகப்பு இன்றும் நிற்கிறது.

காலடிப்பேட்டையைத் தனியாக இன்னொரு நாளைக்கு வையுங்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், துணி தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்க வேண்டும் என்று திருவொற்றியூருக்குப் பக்கத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. அவர் பெயரில் இருந்த பேட்டை நம் நாக்கில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அந்தக் குடியிருப்போடு சேர்ந்து எழுந்த கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இன்றும் ஊரின் நடுவில் இருக்கிறது. கோட்டைக்குள் எத்தனை ஓவியம் பார்த்தாலும், கம்பெனி வாங்கிய துணியை நெய்தவர்கள் குடியிருந்த தெருவை நேரில் பார்ப்பது இங்கேதான் முடியும். மெட்ரோவில் காலடிப்பேட்டை நிலையத்தில் இறங்கிக் கேட்டால் வழி காட்டுவார்கள். மதியம் நடை சாத்திவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.